வயரிங் தாளைக் கொடுங்கள்: லினக்ஸ் கணினிகளில் ஒலிக்கான கோரிக்கைச் சாசனம்

இதை எழுதுகிற நாங்கள் லினக்ஸை அன்றாட வேலைக்கு வைத்திருப்பவர்கள். எங்களில் பள்ளி ஆசிரியர்கள் உண்டு, கல்லூரி மாணவர்கள் உண்டு, வீட்டிலிருந்தபடியே ஒலிப்புத்தகம் பதிவு செய்கிறவர்கள் உண்டு, திரையைப் பார்க்க முடியாமல் காதால் மட்டுமே கணினியை நடத்துகிறவர்களும் உண்டு. லினக்ஸின் அருமையை யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சர்வரில் அது ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போனுக்குள் அதன் கெர்னல் இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். காசு கொடுத்து வாங்கிய லேப்டாப்பில் அதைப் போட்டதும் ஸ்பீக்கர் ஏன் ஊமையாகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. 'சவுண்டு வரலை' என்று யாராவது சொன்னவுடன் டெர்மினலைத் திற, இந்தக் கட்டளையை அடி, அந்தக் கோப்பில் ஒரு வரி சேர், ரீபூட் செய் என்று நோயாளியின் கையிலேயே கத்தியைக் கொடுக்கும் வழக்கம் எத்தனை காலத்துக்கு?

எங்கள் கோரிக்கைகளுக்குப் போகும் முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. பழியை யார்மேல் போடுவது என்பதில் ஏற்கனவே போதுமான குழப்பம் நடந்துவிட்டது.

லினக்ஸ் பிறந்த மறு ஆண்டே, 1992இல், ஹன்னு சவோலைனன் என்ற ஃபின்லாந்துக்காரர் சவுண்ட் பிளாஸ்டர் அட்டைக்கு டிரைவர் எழுதினார். அது ஓஎஸ்எஸ் என்ற பெயரில் வளர்ந்தது. அன்றைய பெரும்பாலான அட்டைகளில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஒலி எழுப்ப முடியும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் மற்ற நிரல்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். 1998இல் செக் நாட்டு யாரோஸ்லாவ் கைசெலா ஆல்சா என்ற மாற்று ஒலி அமைப்பைத் தொடங்கினார். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு அதுவே முதன்மையானது. நல்ல கட்டுமானம்தான். ஆனால் முதல்முறை ஓடும்போது எல்லாச் சேனல்களையும் மியூட்டில் வைத்தே தொடங்கும். ஆல்சாமிக்சரைத் திறந்து, பட்டைக்கு அடியில் தெரியும் இரண்டு 'எம்' எழுத்துகளைப் பார்த்து, எம் விசையைத் தட்ட வேண்டும் என்று தெரியாமல் தங்கள் அட்டையே கெட்டுவிட்டதாக நினைத்தவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம்.

பிறகு பல்ஸ்ஆடியோ. லெனார்ட் பொட்டரிங் 2004இல் தொடங்கிய அந்த ஒலி சர்வரை 2007 நவம்பரில் ஃபெடோரா 8 இயல்பாக ஏற்றது, 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 ஏற்றது. இப்போது எந்த இடம் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்று அது டிரைவர்களிடம் மிகத் துல்லியமாகக் கேட்டது. அதுவரை அப்படிக் கேட்டவர்கள் அரிது. பல டிரைவர்கள் குத்துமதிப்பாகப் பதில் சொல்லியே பிழைத்துவந்தன. விளைவு, கரகரப்பும் வெட்டும். பல்ஸ்ஆடியோ தரப்பு டிரைவரைக் கை காட்டியது, மற்றவர்கள் பல்ஸ்ஆடியோவைக் கை காட்டினார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. அதற்குள் பயனர்கள் பல்ஸ்ஆடியோவை நீக்குவது எப்படி என்று தேடத் தொடங்கியிருந்தார்கள்.

2021 ஏப்ரலில் ஃபெடோரா 34 பைப்வயருக்கு மாறியபோது இந்தச் சண்டை நடக்கவில்லை. ரெட்ஹேட்டில் பணியாற்றும் விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர், பழைய நிரல்களிடம் தன்னைப் பல்ஸ்ஆடியோவாகவே காட்டிக்கொள்ளும். ஸ்டுடியோ வேலைக்கான ஜாக் நிரல்களிடம் ஜாக்காகவும் காட்டிக்கொள்ளும். பாட்டுக் கேட்பவருக்கு ஒரு சர்வர், ஒலிப்பதிவு செய்பவருக்கு வேறொன்று என்ற பழைய பிரிவினை அதோடு முடிந்தது. மாற்றம் நடந்ததே பலருக்குத் தெரியவில்லை. 2022 அக்டோபரில் உபுண்டு 22.10 மாறியது, மறு ஆண்டு டெபியன் 12இன் க்னோம் மேசையும் (டெஸ்க்டாப்) மாறியது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. மென்பொருள் அடுக்கு இன்று பெருமளவு சரியாகிவிட்டது என்பதே எங்கள் கணிப்பு. இன்னும் லினக்ஸில் ஒலி வரவில்லை என்றால், பெரும்பாலும் அந்தக் கணினியைப் பற்றிய ஒரு தகவல் எங்கோ ஒரு நிறுவனத்தின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது என்றே பொருள். அந்தத் தகவலைக் கேட்பதற்குத்தான் இந்தச் சாசனம்.

லேப்டாப் தயாரிப்பாளர்களிடம்

2004இல் இன்டெல் வகுத்த ஹெச்டி ஆடியோ முறையே இன்றும் மிகப் பல கணினிகளில் இருக்கிறது. அதன் மையம் கோடெக் என்ற சில்லு. ரியல்டெக், சிர்ரஸ் லாஜிக் போன்ற சிலரே அதைச் செய்கிறார்கள். அந்தச் சில்லுக்குப் பல கால்கள். ஸ்பீக்கரை எந்தக் காலில் இணைத்தார்கள், ஹெட்போன் துளையை எதில், மைக்கை எதில், எது வெறுமனே விடப்பட்டது என்பதெல்லாம் லேப்டாப் நிறுவனம் தன் வசதிப்படி முடிவு செய்வது. புதுவீட்டில் சுவிட்சுப் பலகையின் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்பதை வயரிங் செய்த ஆள் மட்டும் அறிந்திருப்பதைப் போல. முறைப்படி அதை பயாஸில் ஒரு பட்டியலாக எழுதிவைக்க வேண்டும். கணினி கிளம்பும்போது இயங்குதளம் அதைப் படித்துக்கொள்ளும்.

பல நிறுவனங்கள் அந்தப் பட்டியலை ஏனோதானோவென்று நிரப்புகின்றன. விண்டோஸுக்கான டிரைவரில் சரியான விவரத்தைத் தனியாகச் சேர்த்துவிட்டால் அங்கே வேலை முடிந்துவிடுகிறது. பயாஸில் பிழை இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. லினக்ஸ் அந்தப் பட்டியலை நம்பிப் படிக்கிறது. ஸ்பீக்கர் இல்லாத காலுக்கு ஒலியை அனுப்புகிறது. ஹெட்போன் செருகியிருப்பதாகத் தவறாக நினைத்துக்கொண்டு ஸ்பீக்கரை மியூட் செய்கிறது.

லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே ஒரு திருத்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே வருகிறது. இன்ன நிறுவனம், இன்ன மாடல் எண் என்றால் பயாஸ் சொல்வதை நம்பாதே, இப்படிச் செய் என்று வரிவரியாக எழுதப்பட்டது. ரியல்டெக் சில்லுகளுக்கான டிரைவர் கோப்பு மட்டுமே இப்படி வளர்ந்து வளர்ந்து பத்தாயிரம் வரிகளைத் தாண்டியது. சில வரிகளை நிறுவனங்களின் பொறியாளர்களே அனுப்பினார்கள்; அவர்களுக்கு எங்கள் நன்றி. மற்ற வரிகள் பலவற்றுக்குப் பின்னால் சவுண்டு வராமல் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு மாணவரோ குமாஸ்தாவோ இருக்கிறார். அவர் ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, எதிலோ சத்தம் வந்ததும் அதை எழுதி அனுப்பியிருக்கிறார். நிறுவனத்துக்கு முதல் நாளே தெரிந்திருந்த விஷயம்தான் அது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மாடலுக்கும் ஒலியின் வயரிங் தாளை வெளியிடுங்கள். எந்தக் கோடெக், எந்தக் காலில் என்ன, எந்த ஆம்ப்ளிஃபயர், அது எந்த வழியில் இணைந்திருக்கிறது, ஒலி வரும் பாதையில் எந்தக் கம்பியை உயர்த்தினால் அது விழித்துக்கொள்ளும் என்பவை போதும். ஒரு பக்கத்தில் அடங்கும். அந்த மாடலின் டிரைவர் பக்கத்திலேயே அதையும் வையுங்கள். அதைக் கேட்க ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். ஸ்பீக்கர் எந்தக் காலில் இருக்கிறது என்பதில் தொழில் ரகசியம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, பயாஸிலுள்ள பிழையை பயாஸிலேயே திருத்துங்கள். திருத்தத்தை லினக்ஸ் பயனரிடம் சேர்க்க எல்விஎஃப்எஸ் என்ற பொதுக் கிடங்கு பல ஆண்டுகளாக இருக்கிறது. பல பெரிய நிறுவனங்கள் அதில் பயாஸ் புதுப்பிப்புகளை ஏற்றிவருகின்றன. விலையுயர்ந்த தொழில்முறை மாடல்களுக்கு மட்டும் ஏற்றிவிட்டு, மாணவர் வாங்கும் மலிவு மாடல்களை விட்டுவிடுவதை ஏற்க மாட்டோம்.

மூன்றாவது, ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு சில்லைப் போட்டு விற்பதாக இருந்தால் பெட்டியின் மேல் சொல்லுங்கள். சென்ற மாதம் நண்பர் வாங்கியதில் ஒலி வந்தது, இந்த மாதம் நாம் வாங்கியதில் வரவில்லை என்ற நிலை வேறு எந்தப் பொருளில் நடந்தாலும் அதை மோசடி என்று சொல்லியிருப்போம்.

ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்

கடந்த சில ஆண்டுகளில் வரும் புகார்களின் முகம் மாறியிருக்கிறது. ஹெட்போனில் நன்றாகக் கேட்கிறது, ஸ்பீக்கரில் மட்டும் ஒன்றுமே வரவில்லை என்கிறார்கள். அல்லது பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் போல மெலிந்த குரல் வருகிறது என்கிறார்கள். காரணம் ஸ்மார்ட் ஆம்ப்ளிஃபயர். சின்ன ஸ்பீக்கரிலிருந்து பெரிய சத்தம் வாங்குவதற்காக, ஸ்பீக்கரின் சூட்டையும் அசைவையும் கணக்கிட்டு ஒலியை முறுக்கும் தனிச் சில்லு அது. சிர்ரஸ் லாஜிக்கும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் இதில் முக்கியமானவர்கள். அந்தச் சில்லுக்கு ஃபர்ம்வேர் வேண்டும், அந்த மாடலுக்கான ஒலி அமைப்புக் கோப்பு வேண்டும், அந்தத் தனி லேப்டாப்பில் தொழிற்சாலையில் அளந்து வைத்த எண்களும் வேண்டும்.

சிர்ரஸ் லாஜிக் தன் சிஎஸ்35எல்41 சில்லுக்கான டிரைவரைத் தானே லினக்ஸுக்கு எழுதிக் கொடுத்தது. அதன் பிறகும் சில லேப்டாப்புகளில் சத்தம் வரவில்லை. சில்லு எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்று பயாஸில் எழுத வேண்டிய பகுதியை லேப்டாப் நிறுவனங்கள் காலியாக விட்டிருந்தன. கடைசியில் அந்தக் காலியிடங்களையும் சிர்ரஸ் பொறியாளர்களே மாடல் மாடலாக டிரைவருக்குள் எழுதி நிரப்பினார்கள். சில்லு விற்றவர் தன் கடமையைச் செய்துவிட்டார். பெட்டியைப் பூட்டி விற்றவர் செய்யவில்லை.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே அவசரம் ஆபத்து. ஆப்பிளின் புதிய சில்லு மேக்புக்குகளில் லினக்ஸைக் கொண்டுவந்த அசாஹி லினக்ஸ் குழுவினர், ஸ்பீக்கரை இயக்கத் தெரிந்த பிறகும் நெடுநாள் வேண்டுமென்றே அதை மூடி வைத்திருந்தார்கள். வரம்பில்லாமல் ஒலியை ஏற்றினால் ஸ்பீக்கர் கருகிவிடும். ஸ்பீக்கரில் பாயும் மின்சாரத்தை அளந்து, சூடு எவ்வளவு ஏறியிருக்கும் என்று கணக்கிட்டு, எல்லை மீறும்போது ஒலியைக் குறைக்கும் ஒரு காவல் நிரலைத் தாங்களே எழுதிய பிறகுதான் மாடல் மாடலாகத் திறந்துவிட்டார்கள். தயாரிப்பாளர் வெளியிடாத எல்லைகளைத் தன்னார்வலர்கள் அளந்து அளந்து கண்டுபிடித்தார்கள். அவர்கள் பொறுமையை வணங்குகிறோம். அந்தப் பொறுமை தேவைப்பட்டதே என்பதுதான் எங்கள் கோபம்.

நான்காவது கோரிக்கை இங்கிருந்து பிறக்கிறது: ஸ்பீக்கரின் பாதுகாப்பு எல்லைகளையும், மாடலுக்கான ஒலி அமைப்புக் கோப்பையும், எவரும் மறுபடி விநியோகிக்கக்கூடிய உரிமத்தோடு, லினக்ஸின் பொது ஃபர்ம்வேர் தொகுப்பில் சேருங்கள். விண்டோஸ் டிரைவர் மூட்டையைப் பிரித்து உள்ளிருந்து கோப்பை உருவி எடுங்கள் என்று பயனரிடம் சொல்லவைக்காதீர்கள். அது சட்டப்படி சரியா என்பதே பலருக்குத் தெளிவில்லாமல் இருக்கிறது.

சில்லு நிறுவனங்களிடம்

இன்டெல் 2018இல் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேரைத் திறமூலமாக வெளியிட்டது. ஒலியைக் கையாளும் தனிச் செயலி, அதில் ஓடும் நிரல், எல்லாம் படிக்கக் கிடைக்கிறது. ஆனால் சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான லேப்டாப்புகளில் இன்டெல்லின் சாவியால் கையெழுத்திட்ட பிரதி மட்டுமே ஓடும். படிக்கலாம், திருத்தலாம், தன் லேப்டாப்பில் ஓட்ட முடியாது. சமூகத்துக்கென்று தனிச் சாவி வைத்திருக்கும் குரோம்புக் வழக்கமே முடியும் என்று காட்டுகிறது. பாதுகாப்பு காரணம் என்றால் உரிமையாளர் விரும்பித் தன் கணினியில் தன் சாவியைச் சேர்க்க ஒரு வழி வையுங்கள். இது ஐந்தாவது.

ஆறாவது, தரவுத் தாள். 'லினக்ஸ் டிரைவர் கொடுத்துவிட்டோமே' என்பது முழுப் பதில் ஆகாது. ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலி அமைப்பு இருக்கிறது. ஓப்பன்பிஎஸ்டி தன் எஸ்என்டிஐஓவைத் தானே கட்டியது. 2018இல் வந்த 6.4 பதிப்பிலிருந்து, உரிமையாளர் கேட்காமல் மைக் பதிவு செய்யாது என்றும் வைத்தது. இப்படி யோசிக்கிறவர்கள் லினக்ஸ் டிரைவரைப் பிரித்துப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கக் கூடாது. சில்லின் தரவுத் தாள் பொதுவில் இருந்தால் எல்லா இயங்குதளத்துக்கும் அது உதவும்.

விநியோகம் கட்டுகிறவர்களிடம்

உபுண்டு, டெபியன், ஃபெடோரா, பாஸ் என எந்தப் பெயரில் இருந்தாலும் சரி.

இங்கே எங்களில் பார்வையற்றவர்களின் குரலை முன்னே வைக்கிறோம். மற்றவர்களுக்குச் சத்தம் வராவிட்டால் பாட்டு போச்சு, வகுப்பு போச்சு. அவர்களுக்குக் கணினியே போச்சு. ஓர்க்கா என்ற திரைவாசிப்பான் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும். ஈஸ்பீக் என்ஜி அதைத் தமிழிலும் உச்சரிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமானதுதான், ஆனாலும் வேகமாகப் படிக்கும், பழகியவர்களுக்கு அதுவே வசதி. இவை எல்லாம் இருந்தும் ஸ்பீக்கர் ஊமை என்றால், அந்தச் சிக்கலைத் தீர்க்கச் சொல்லும் திரையையே அவரால் படிக்க முடியாது. ஆல்சாமிக்சரைத் திற என்று அவரிடம் சொல்வது எவ்வளவு அபத்தம்!

இதற்கு விடை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. டெபியனின் நிறுவல் நிரலில் அது எப்போதோ இருக்கிறது. தொடக்கத்தில் எஸ் என்று தட்டி என்டர் கொடுத்தால் பேச்சோடு நிறுவலாம். கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி அட்டைகள் இருந்தால் அது ஒவ்வொன்றின் வழியாகவும் பேசிப் பார்க்கும். எந்த அட்டையில் பேச்சு உங்கள் காதில் விழுகிறதோ அப்போது என்டர் தட்டினால் போதும். அதற்கு மேல் படிக்கவோ தேடவோ எதுவுமில்லை.

ஏழாவது கோரிக்கை: இந்த முறையை மேசைக்குக் கொண்டுவாருங்கள். மானிட்டருக்குப் போகும் ஹெச்டிஎம்ஐயைத் தனி ஒலி அட்டையாகக் கணக்கிட்டு, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு ஒலியை அனுப்பிவிட்டு, 'எல்லாம் சரி' என்று காட்டும் மேசையை நாங்கள் தினமும் பார்க்கிறோம். கணினியை முதன்முதலில் திறக்கும்போது ஒவ்வொரு வழியிலும் ஒரு சொல் ஒலிக்கட்டும். கேட்டது என்று சொன்ன வழியை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். இரண்டு விசைகள் சேர்த்து அழுத்தினால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி இந்தச் சோதனை நடக்கட்டும்.

எட்டாவது, ஒலி அட்டை கிடைக்காதபோது திரையில் தெரியும் 'டம்மி அவுட்புட்' என்ற இரண்டு சொல்லை ஒழியுங்கள். ஒலி அட்டை கிடைக்கவில்லை என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஃபர்ம்வேர் கோப்பு இல்லை என்றால் எந்தக் கோப்பு என்று கெர்னலின் பதிவேட்டில் எழுதியே இருக்கிறது. டிரைவர் ஏறவில்லை என்பதும் அங்கே இருக்கிறது. இதைப் பயனர் டெர்மினலில் தோண்டி எடுக்க வேண்டிய அவசியம் என்ன? 'இந்தக் கணினிக்கு இந்த ஃபர்ம்வேர் வேண்டும், இந்தத் தொகுப்பில் கிடைக்கும், நிறுவலாமா?' என்று மேசையே கேட்கட்டும், தமிழில் கேட்கட்டும். அந்தச் செய்திகளை மொழிபெயர்க்க எங்களில் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஃபர்ம்வேர் குறித்து ஒரு சொல். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, திறமூலமல்லாத ஃபர்ம்வேரையும் அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டில் சேர்க்க முடிவு செய்தார்கள். டெபியன் 12 அப்படித்தான் வந்தது. கொள்கைக்கு இழுக்கு என்று வருந்தியவர்கள் உண்டு, எங்களிலும் உண்டு. ஆனாலும் அந்த முடிவை ஆதரிக்கிறோம். கட்டற்ற மென்பொருளை நிறுவ வந்தவர் தன் முதல் மணி நேரத்திலேயே வாய் பேசாத பெட்டியோடு திரும்பிப் போனால் அவரிடம் விடுதலையைப் பற்றிப் பேச நமக்கு வாய்ப்பே கிடைக்காது. எது திறமூலம், எது இல்லை என்று திரையில் தெளிவாகச் சொல்லுங்கள். தீர்மானிப்பதை அவரிடமே விடுங்கள்.

நிரல் எழுதுகிறவர்களிடம் அதிகம் கேட்க மாட்டோம். அவர்களில் பலர் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். ஒரே ஒரு கோரிக்கை, ஒன்பதாவது: அடுத்த மாற்றம் எதுவானாலும் பைப்வயர் வழியில் வரட்டும், பழைய நிரல் பழையபடி ஓட, அடியில் மட்டும் மாறட்டும். ப்ளூடூத் ஹெட்செட்டில் மைக்கைத் திறந்தவுடன் பாட்டின் தரம் பாதாளத்துக்குப் போவது நெறிமுறையின் குறை என்று தெரியும். அதைப் பயனரிடம் ஒரு வரியில் சொல்லிவிட்டாலே பாதிப் புகார்கள் குறையும்.

அரசிடம்

மத்திய அரசு 2015இல் திறமூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை வெளியிட்டது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அரசின் சொந்தக் குழந்தை. தமிழ்நாட்டில் மாநில அரசு நிறுவனமான எல்காட் 2000களின் பிற்பகுதியிலேயே தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இந்த அளவுக்கு வாங்கும் கை தயாரிப்பாளரிடம் எதையும் கேட்க முடியும். எங்களைப் போன்ற தனி ஆள் எழுதும் மின்னஞ்சலுக்கு வராத பதில் ஒரு டெண்டர் நிபந்தனைக்கு மறுநாளே வரும்.

ஆகவே பத்தாவது கோரிக்கை, இந்தச் சாசனத்தின் உயிர்நாடி என்று நாங்கள் நினைப்பது: அரசு வாங்கும் ஒவ்வொரு கணினிக்கும் டெண்டரில் ஒலிச் சோதனை நிபந்தனையாக வேண்டும். ராம் எத்தனை, திரை எத்தனை அங்குலம் என்று கேட்கும் ஆவணங்கள் ஒலியைப் பற்றிக் கேட்பது 'ஸ்பீக்கர் உள்ளது, மைக் உள்ளது' என்பதோடு நின்றுவிடக் கூடாது. லினக்ஸில் அது ஒலிக்கிறதா என்று காதால் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். டெபியனின் நடப்பு நிலைப்பதிப்பையோ பாஸையோ நிறுவனத்தின் சிறப்புத் திருத்தம் எதுவும் சேர்க்காமல் நிறுவ வேண்டும். உள் ஸ்பீக்கர், உள் மைக், ஹெட்போன், ஹெட்போனோடு வரும் மைக், ஹெச்டிஎம்ஐ ஆகிய ஐந்தும் வேலை செய்ய வேண்டும். கணினியை மூடித் திறந்த பிறகும், அதாவது உறங்கி எழுந்த பிறகும், அவை வேலை செய்ய வேண்டும். பல லேப்டாப்புகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. ஹெட்போனை உருவினால் ஒலி தானே ஸ்பீக்கருக்குத் திரும்ப வேண்டும். ஓர்க்கா தமிழில் பேச வேண்டும். மாதிரிக்குக் கொடுத்த ஒரு லேப்டாப்பில் மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது. வந்து இறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த பெட்டிகளில் பார்க்க வேண்டும். சில்லை நடுவில் மாற்றும் வழக்கத்துக்கு இதுவே மருந்து. தோற்ற தொகுதிக்கான பணம் திருத்தம் வரும்வரை நிற்க வேண்டும். வயரிங் தாள் டெண்டர் ஆவணங்களோடு இணைக்கப்பட்டு, தேர்வானவரின் தாள் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். அரசுக்காகத் திறந்த தகவல் அதே மாடலைக் கடையில் வாங்கியவருக்கும் உதவும்.

சோதனைக் குழுவில் பார்வையற்ற ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பம் அனைவருக்கும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று அரசின் கடமையாக வைத்திருக்கிறது. ஒலிக்காத லேப்டாப்பை ஒரு பார்வையற்ற மாணவரின் கையில் கொடுத்துவிட்டு அந்தக் கடமை நிறைவேறியதாகக் கணக்குக் காட்ட முடியாது. கேரளத்தில் கைட் அமைப்பு பள்ளிகளுக்கென்று தனி லினக்ஸைக் கட்டி வகுப்பறைகளில் ஓட்டுகிறது. பக்கத்து மாநிலத்தில் நடப்பது நம் மாநிலத்தில் முடியாததல்ல. சி-டாக்கும் எல்காட்டும் சேர்ந்து ஒரு சிறிய ஒலிக்கூடம் அமைத்தால்கூடப் போதும். அங்கே சோதித்த மாடல்களின் பட்டியல் ஒவ்வொரு மாதமும் வெளிவரட்டும்.

கடைக்காரர்களிடம்

ரிச்சி தெருவானாலும் மாவட்டத் தலைநகரின் பெரிய ஷோரூமானாலும், வாங்க வருபவர் தன் பென் டிரைவில் இருக்கும் லைவ் லினக்ஸை ஓட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் கொடுங்கள். உள்ளிருக்கும் விண்டோஸை அது தொடாது. ஒரு பாட்டைப் போட்டுக் கேட்பார், மைக்கில் இரண்டு வார்த்தை பேசிப் பார்ப்பார், அவ்வளவுதான். இது பதினொன்றாவது. 'லினக்ஸ் போட்டால் வாரண்டி போய்விடும்' என்று மிரட்டுவதை நிறுத்துங்கள். அப்படி ஒரு விதி உங்கள் வாரண்டி அட்டையில் இருந்தால் அந்த வரியைக் காட்டுங்கள்.

எங்களிடமே

கேட்பவர்கள் நாங்கள் என்பதால் எங்கள் பங்கையும் எழுதி வைக்கிறோம். சவுண்டு வரவில்லை என்று ஒருவர் சொன்னால் 'வேறு டிஸ்ட்ரோ போடு' என்று பதில் சொல்ல மாட்டோம். ஆல்சா-இன்ஃபோ அறிக்கையை எடுத்துத் தரும்படி கேட்போம், எப்படி எடுப்பது என்று காட்டுவோம், தெரிந்ததைச் சொல்வோம். ஒரு மாடலில் தீர்வு கிடைத்தால் அதை எங்கள் லேப்டாப்போடு நிறுத்திக்கொள்ளாமல் கெர்னலின் திருத்தப் பட்டியலுக்கு அனுப்புவோம்; அடுத்த பதிப்பில் அது எல்லோருக்கும் போய்ச் சேரும். அனுப்பத் தெரியாதவருக்கு அனுப்பத் தெரிந்தவர் துணை நிற்பார். தீர்வைத் தமிழில் எழுதி வைப்போம். வாங்கும்போது வயரிங் தாள் கொடுக்கும் நிறுவனத்துக்கு முன்னுரிமை கொடுப்போம். கொடுக்காதவரிடம் ஏன் என்று எழுதிக் கேட்போம், பதிலை வெளியிடுவோம்.

இந்தச் சாசனத்துக்கு உரிமம் எதுவும் இல்லை. எந்தப் பள்ளியும், எந்த வாசகர் வட்டமும், எந்தப் பார்வையற்றோர் சங்கமும் இதைப் பிரதி எடுத்து, தங்கள் ஊரின் பெயரைச் சேர்த்து, வேண்டாததை அடித்து, வேண்டியதைக் கூட்டி, தங்கள் கையெழுத்தோடு அனுப்பலாம். அரசுக்கான பத்தாவது கோரிக்கையை மட்டும் சுருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த மடிக்கணினி டெண்டர் அறிவிப்பு வெளியாவதற்கு முன் அது எல்காட்டின் மேசைக்கும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரின் மேசைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.